ஆன்லைன் படிப்பும் உபாத்தியாயர்களும்

சென்ற வாரம் ஒரு நாள் மாலை பொத்தேரி ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்காக நாம் காத்திருந்த சமயத்தில், பக்கத்துப் பெஞ்சியில் மூன்று உபாத்தியாயர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வயதானவர், சீக்கிரத்தில் பென்ஷன் வாங்கப் போகிறவர். மற்றொருவர் வாலிபர். மூன்றாமவர் ஒரு அம்மையார். பேச்சு, கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பைப் பற்றியது. வயதானவர் சொன்னதின் சாரமெல்லாம், ஆன்லைன் என்பது படிப்பே அல்ல, வெறும் ஏமாற்று, பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவரானதே அதனால்தான் என்பது. வாலிபர் சொன்னதின் சாரமெல்லாம், உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, இனிமேல் கரும்பலகையைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் உருப்படமாட்டான் என்பது. இருவரும் வெகு காரமாகவே வாதாடினார்கள். அம்மையார் ஒன்றும் பேசவில்லை.

நமக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அய்யா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். ஒரே ஒரு சங்கதி கேட்கிறேன். பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது உங்கள் வகுப்பில் செல்போன் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டோம்.

வயதானவர் சற்று யோசித்து, "அதெல்லாம் யாருங்க கணக்கு வச்சிருக்கா?" என்றார். வாலிபர், "குரூப்பில் சேர்ந்தவங்க லிஸ்ட் இருக்கு சார். சேராதவங்க லிஸ்ட் எப்படி இருக்கும்?" என்றார். அதுவரை பேசாத அம்மையார் மாத்திரம், "என் வகுப்பில் ஒன்பது பேர் சார்" என்று சொல்லி, அந்த ஒன்பது பேரின் பெயரையும் விரல் விட்டுச் சொன்னார்.

அந்த அம்மையாரின் கதையைப் பின்னால் சொல்லுவோம். இயந்திரத்தை வெறுக்கிற உபாத்தியாயர், இயந்திரத்தைப் போற்றுகிற உபாத்தியாயர் ஆகிய இருவரும், வெளியே நின்ற பிள்ளையைக் கணக்கில் எடுக்காத விஷயத்தில் மாத்திரம் ஒற்றுமையாயிருந்தார்கள் என்பதை வாசகர்கள் முதலில் கவனிக்க வேண்டுகிறோம். இந்த வியாசத்தில் நாம் சொல்ல வந்ததும் அவ்வளவுதான்.

நிற்க, நடந்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக் கொள்வோம். 2020 மார்ச் 11-ந் தேதி கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அடுத்த மாதத்திற்குள் உலகத்தில் 190-க்கு மேற்பட்ட தேசங்களில் சுமார் 160 கோடிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்ததாக யுனெஸ்கோ கணக்குச் சொல்லிற்று. மூடியது தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. தொத்து வியாதிக் கிருமி ஜாதகம் பார்த்து வருவதுமில்லை, பரிகாரம் செய்தால் போவதுமில்லை. ஊரையெல்லாம் காப்பாற்றுவதாகச் சொல்லப்பட்ட சாமிகளே கோயில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த காலம் அது. ஆகவே கூட்டம் கூடாமல் இருந்ததே அறிவுள்ள காரியம்.

ஆனால், மூடியவைகளைத் திறந்த வரிசையைப் பாருங்கள். சாராயக்கடையை 2020 மே 7-ந் தேதி திறந்து, ஐகோர்ட்டு உத்தரவினால் மூடி, சுப்ரீம் கோர்ட்டில் தடை வாங்கி, சென்னை முதலிய இடங்கள் நீங்கலாக மே 16-ந் தேதி மறுபடியும் திறந்தார்கள். பெரிய கோயில்களை செப்டம்பர் 1-ந் தேதி திறந்தார்கள். சினிமாக் கொட்டகைகளை நவம்பர் 10-ந் தேதி திறந்தார்கள். பள்ளிக்கூடமோ 2021 ஜனவரி 19-ந் தேதிதான் திறந்தது. அதுவும் பத்தாவது, பன்னிரண்டாவது வகுப்புகளுக்கு மாத்திரம். இரண்டாவது அலை வந்து மறுபடி மூடி, ஒன்றாவது முதல் எட்டாவது வரையிலுள்ள குழந்தைகள் படி ஏறினது 2021 நவம்பர் 1-ந் தேதியில்தான். அதாவது குடிகாரன் இரண்டு மாதமும், பக்தன் ஐந்தரை மாதமும், சினிமா ரசிகன் எட்டு மாதமும் பொறுத்தால் போதும். எழுத்துக் கற்க வந்த குழந்தை மாத்திரம் பத்தொன்பது மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். எதை எதற்கு முன்னால் வைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிடப் பெரிய புஸ்தகம் வேண்டியதில்லை.

இந்தப் பத்தொன்பது மாதத்திற்கும் சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 2019 ஆகஸ்டில் ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சியில் 2020 ஜூலை முதல் பாடங்கள் ஒளிபரப்பானதும், 2011 முதல் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாய்க் கொடுத்து வந்த லேப்டாப்களில் பாடங்களை ஏற்றிக் கொடுத்ததும் உண்மை. ஆனால் டெலிவிஷன் பெட்டி பேசுமே ஒழிய, பிள்ளை கேட்கிற சந்தேகத்துக்குப் பதில் சொல்லாது. லேப்டாப்போ, மேல்வகுப்புக்கு வந்த பிள்ளைக்குத்தான். அ, ஆ எழுதப் பழகுகிற குழந்தைக்கு வந்து சேர்ந்தது அப்பனுடைய செல்போன்தான், அதுவும் இருந்தால்.

இருந்ததா? சர்க்காரே 2017-18-ல் எடுத்த மாதிரிக் கணக்கின்படி, இந்தியாவில் கிராமத்துக் குடும்பங்களில் நூற்றுக்கு 4.4 வீட்டில்தான் கம்ப்யூட்டர், 14.9 வீட்டில்தான் இன்டர்நெட் வசதி. 2021-ல் ஏசர் அறிக்கைக்காரர்கள் பார்த்தபோது, ஸ்மார்ட்போன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கு 67 பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். வளர்ச்சிதான். ஆனால் போன் உள்ள வீட்டுப் பிள்ளைகளிலேயே நூற்றுக்கு 26 பேருக்கு அதைத் தொட வழியில்லை. போன் அப்பனோடு வேலைக்குப் போய்விடும், மிஞ்சினால் அண்ணனுக்கு, அதற்கும் மிஞ்சினால் பெண்பிள்ளைக்கு. நமக்குத் தெரிந்த ஒரு தாய் சொன்னது இது: "எங்க வீட்ல ஒரே போனு சார். அத்த அவரு காலையில எடுத்துக்கினு பூட்டா, ராத்திரிதான் வருது. அப்போ புள்ள தூங்கிடுது."

அதே 2021 ஆகஸ்டில், பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் முதலியவர்கள் 15 மாகாணங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் சுமார் 1,400 ஏழைப் பிள்ளைகளைக் கண்டு விசாரித்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காய் ஆன்லைனில் படித்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். அடியோடு படிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 37 பேர். ஆன்லைன் வகுப்பு என்ற பெரிய பந்தலின் கீழே நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் இடம் இருந்தது என்று அர்த்தம்.

இனி உபாத்தியாயர்களின் அபிப்பிராயத்துக்கு வருவோம். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தார் 2020-ல் சத்தீஸ்கர், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தராகண்ட் ஆகிய ஐந்து மாகாணங்களில் 1,522 சர்க்கார் பள்ளி உபாத்தியாயர்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 80 பேருக்கு மேல், ஆன்லைனில் பிள்ளைகளோடு மனம் ஒட்டிப் பழக முடியவில்லை என்றார்கள். நூற்றுக்கு 90 பேர், பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா இல்லையா என்று சரியாய்ச் சோதிக்க முடியவில்லை என்றார்கள். நமது ஜில்லாவில் கேட்டிருந்தாலும் பதில் ரொம்ப மாறியிருக்காது. நாம் அதை நம்புகிறோம். வகுப்பில் நிற்கிற உபாத்தியாயருக்கு, கடைசிப் பெஞ்சிப் பையன் முகத்தைப் பார்த்தே, அவனுக்குக் கணக்குப் புரியவில்லை என்பது தெரிந்துவிடும். செல்போன் திரையில் முப்பது கட்டத்தில் முப்பது பெயர்தான் தெரியும், முகமே தெரியாது.

ஆகவே உபாத்தியாயர்கள் சொன்ன குறை நிஜம். ஆனால் நிஜத்தில் பாதியைச் சொல்லி நிறுத்திக்கொள்வது பொய்க்கு அண்ணன் தம்பி. அந்தப் பாதியை எடுத்துக்கொண்டுதான் நமது வயதானவர் ஒரு பக்கமும், வாலிபர் ஒரு பக்கமும் இழுக்கிறார்கள்.

வயதானவரைக் கேட்கிறோம். நேருக்கு நேர் குருவிடத்தில் உட்கார்ந்து படிப்பதுதான் படிப்பு என்கிறீர்களே, அந்தப் பழைய குரு யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்? திண்ணைப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நுழையக்கூடாது என்று இருந்ததை மறந்துவிடலாமா? குரு நேரில் இல்லாமல் தூரத்திலிருந்தே படித்த முதல் மாணாக்கன் என்று புராணக்காரர்களே சொல்லுகிறவன் ஏகலைவன். குருவைப் போல ஒரு மண் பொம்மையைச் செய்து வைத்துக்கொண்டு தானே வில்வித்தை கற்றான். அதைக் கேள்விப்பட்டு வந்த குரு, "சபாஷ், நன்றாய்ப் படித்தாய்" என்று சொல்லவில்லை. கட்டைவிரலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அது நடந்த கதையோ கட்டின கதையோ, கட்டினவன் புத்தி எது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகையால் இயந்திரம் வந்து குருவின் மகிமையைக் கெடுத்துவிட்டது என்று யாரும் கண்ணீர் விடவேண்டாம். அச்சு இயந்திரம் வந்தபோதும் இப்படித்தான் அழுதிருப்பார்கள். அது வந்திராவிட்டால், நம்மைப் போல எட்டாவது வகுப்போடு நின்றுபோய், படிப்பகத்தில் ஓசிப் பத்திரிகையும் இரவல் புஸ்தகமும் படித்து நாலு விஷயம் தெரிந்துகொண்டவர்கள் கதி என்ன?

வாலிபரையும் கேட்கிறோம். ஆயுத பூஜை நாளில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடுகிற பள்ளிக்கூடங்களை நாம் பார்த்துச் சிரிக்கிறோம். தாங்கள் சந்தனம் வைக்காமலே கும்பிடுகிறீர்கள், வித்தியாசம் அவ்வளவுதானே? தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு தேசம். அங்கே லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு லேப்டாப்கள் கொடுத்தார்கள். 2012-ல் பரீட்சித்துப் பார்த்ததில், கணக்கிலும் பாஷைப் பாடத்திலும் அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட முன்னேறி இருப்பதாய்த் தெரியவில்லை. கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, கற்பிக்கிறவனைத் தயார் செய்யாவிட்டால் அப்படித்தான். அரிவாளை நட்டு வைத்தால் நெல் தானாக அறுபடாது. உபாத்தியாயர் இல்லாத இடத்தில் இயந்திரம் உபாத்தியாயராகாது. உபாத்தியாயர் கையில் இருந்தால், அது பத்துப் பேர் வேலையைச் செய்யும்.

ஆக, ஆன்லைன் நல்லதா கெட்டதா என்ற வாதமே ஒரு கண்கட்டு வித்தை. யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காதவனை உபாத்தியாயர் என்ன செய்தார் என்பதே கேள்வி.

அநேக இடங்களில் என்ன செய்தார்? வருகைப் பட்டியலில் "ஆப்சென்ட்" என்று போட்டார். ஏன் என்று கேட்டால், "என்ன சார் செய்யறது, அவங்களுக்கு வசதி இல்லை" என்றார். தோழர்களே! இந்த "வசதி இல்லை" என்ற வார்த்தையைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். முன்னே இதையே "தலைவிதி" என்று சொன்னார்கள். அதற்கும் முன்னே "பூர்வஜென்மக் கர்மம்" என்று சொன்னார்கள். வார்த்தைதான் மாறி இருக்கிறதே தவிர வேலை ஒன்றுதான். அது என்ன வேலையென்றால், கேள்வி கேட்கிறவன் வாயை அடைப்பதும், பதில் சொல்ல வேண்டியவனை வீட்டுக்கு அனுப்புவதும். பிள்ளை ஆப்சென்ட் அல்ல; பள்ளிக்கூடம்தான் அந்தப் பிள்ளைக்கு ஆப்சென்ட்.

இதன் பலன் என்ன ஆயிற்று? நமது செங்கல்பட்டு ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தேரியில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் வானத்தை இடிக்கின்றன. கல்பாக்கத்தில் அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அதே ஜில்லாவில்தான் இருளர் குடிசைகளும், மாமல்லபுரம் கரையோரத்து மீனவர் குப்பங்களும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் மூடினதும், குப்பத்துப் பையன் அப்பனோடு வலைக்குப் போனான். இருளர் பையன் அப்பனோடு மரம் வெட்டவும் சூளைக்கும் போனான். பெண்குழந்தை தம்பியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போயிற்று. 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாயிருந்தபோது, பள்ளிக்கூட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். குலக்கல்வி என்று ஊரே எழுந்து நின்று எதிர்த்தது. 1954-ல் காமராசர் வந்ததும் அது தொலைந்தது. அப்பேர்ப்பட்ட திட்டத்தை, சட்டமும் இல்லாமல் உத்தரவும் இல்லாமல், அரை நாளுக்குப் பதில் முழு நாளாக, ஒரு கிருமி வந்து நடத்திவிட்டுப் போயிற்று. அன்றைக்கு எதிர்த்த தேசத்தில், இன்றைக்கு அதற்கு "வசதி இல்லை" என்று பெயர் வைத்துச் சும்மா இருந்துவிட்டோம்.

கணக்கும் இருக்கிறது. கிராமத்தில் மூன்றாவது வகுப்புப் பிள்ளை இரண்டாவது வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறதா என்று ஏசர் அறிக்கைக்காரர்கள் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2018-ல் நூற்றுக்கு 10.2 பிள்ளைகளால் முடிந்தது. அதுவே கேவலம். 2022-ல் அது 4.8 ஆகிவிட்டது.

இவ்வளவு சொன்னதால், குற்றத்தை எல்லாம் உபாத்தியாயர் தலையில் கட்டிவிடுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் பாடும் நமக்குத் தெரியும். தனியார் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் பாதியாயிற்று. அநேகருக்கு நின்றே போயிற்று. காலையில் திரையில் பாடம் சொல்லி, மத்தியானம் காய்கறி விற்றவர்கள் உண்டு. பெண் உபாத்தியாயரோ ஒரு கையில் கரண்டியும் மற்றொரு கையில் செல்போனுமாக நின்றார். போன் தம்முடையது, நெட் காசும் தம்முடையது, பழக்கிக் கொடுக்க ஆள் கிடையாது. சர்க்கார் உபாத்தியாயரை, "வீட்டில் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறான்" என்று ஊர் ஏசிற்று. நோயில் செத்தவர்களும் உண்டு. இதையெல்லாம் மறைத்துப் பேசுகிறவன் யோக்கியன் அல்ல.

ஆனால் அதே பாட்டுக்கு நடுவிலும் வழி கண்டவர்கள் இருந்தார்கள். வங்காளத்தில் ஜாமுரியா பக்கத்து ஆதிவாசிக் கிராமத்தில் தீப் நாராயண் நாயக் என்ற உபாத்தியாயர், குடிசைச் சுவர்களையே கரும்பலகையாக வர்ணம் பூசி, பிள்ளைகளைத் தெருவில் எட்ட எட்ட உட்கார வைத்துப் பாடம் சொன்னார். எழுத்தோடு கை கழுவுவதையும் முகக்கவசம் போடுவதையும் சொல்லிக் கொடுத்தார். மைக்ராஸ்கோப்பையும் தெருவுக்குக் கொண்டுவந்து காட்டினார். கண்ணுக்குத் தெரியாத சாமியை ஆயிரம் வருஷம் காட்டுவதாய்ச் சொன்னவர்கள் காட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரை இந்த உபாத்தியாயர் ஒரு நிமிஷத்தில் காட்டிவிட்டார்! 2023-ல் உலக ஆசிரியர் பரிசுக்குக் கடைசிப் பத்துப் பேரில் ஒருவராக அவரைத் தெரிந்தெடுத்தார்கள்.

இனி நமது ரயில் நிலையத்து அம்மையார். அவர் வகுப்பில் போன் இல்லாதவர்கள் ஒன்பது பேர் என்றோம். மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுக்கிற நாளில் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வந்துதானே ஆகவேண்டும்? அந்த நாளைப் பிடித்துக்கொண்டார். பாடத்தைக் கையால் எழுதி, தம் காசில் ஜெராக்ஸ் எடுத்து, அரிசிப் பையோடு ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். அடுத்த முறை அரிசி வாங்க வரும்போது எழுதிய தாளைக் கொண்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. பக்கத்து வீட்டில் போன் இருந்தால், அதற்குத் தம் குரலில் பாடத்தை அனுப்பி, "பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கம்மா" என்று கெஞ்சினார். "போன் கெட்டது இல்ல சார். எல்லார்கிட்டயும் இருந்தா அதைப் போல ஒண்ணு கிடையாது. இல்லாத பிள்ளைக்கு நாமதானே போன்?" என்றார்.

"ஒன்பது பேரும் திரும்பி வந்தார்களா அம்மா?" என்றோம். "ஏழு பேர் வந்தாங்க. ஒருத்தன் சூளைக்குப் போயிட்டான். ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிட்டாங்க. எனக்குத் தெரியும்போது முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் மெச்ச வேண்டிய அந்த அம்மையார், அந்த இரண்டு பேருக்காகத் தம்மைக் குற்றவாளியாய் நினைத்துக்கொண்டிருக்கிறார். கணக்கே வைக்காதவர்களுக்கு அந்தக் கவலை ஒன்றும் இல்லை. கணக்கு வைத்தவருக்குத்தான் தூக்கம் கெடுகிறது.

சர்க்காரும் பிறகு கண் விழித்தது. 2021 அக்டோபர் 27-ந் தேதி விழுப்புரம் ஜில்லா முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிக்கப்பட்டு, சுமார் இரண்டு லட்சம் தொண்டர்கள் தெருத்தெருவாகப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் தொண்டர் உபாத்தியாயருக்குத் துணையே ஒழிய பதில் ஆள் அல்ல. வீடு எரிந்த பிறகு தோண்டின கிணறு அடுத்த தீக்குத்தான் உதவும். அடுத்த தீ வராது என்று யாரும் சொல்ல முடியாது. கிருமி வராவிட்டால் வெள்ளம் வரும், புயல் வரும். செங்கல்பட்டுக் கரைக்கு அவை புதிதல்ல.

ஆகையால் நாம் கேட்பது இவைதான். ஒன்று, எந்தக் காரணத்தால் பள்ளிக்கூடம் மூடினாலும், வகுப்பில் சேர்ந்தவர் பட்டியலுக்கு முன்னால் சேராதவர் பட்டியலை உபாத்தியாயர் எழுத வேண்டும். அதைத்தான் அதிகாரி முதலில் கேட்க வேண்டும். இரண்டு, பாடப்புஸ்தகம் கொடுப்பதுபோலப் படிப்புக்கு வேண்டிய கருவியையும் சின்ன வகுப்பிலிருந்தே பள்ளிக்கூடத்துச் சொத்தாகக் கொடுக்க வேண்டும். உருகுவே என்ற சின்ன தேசம் 2007 முதல் சர்க்கார் பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர் என்று ஆரம்பித்து நடத்திக் காட்டியிருக்கிறது. மூன்று, உபாத்தியாயருக்கு அதைக் கையாளப் பழக்கிக் கொடுத்து, அவரைக் குமாஸ்தாவாக்கிப் புள்ளிவிவரம் ஏற்றச் சொல்லும் தொல்லையைக் குறைக்க வேண்டும். நான்கு, போய்விட்ட பிள்ளைகளை, சூளையிலும் வலையிலும் அடுப்படியிலும் தேடிக் கண்டுபிடித்து, வயது போயிற்று என்று சொல்லாமல் படிக்க வைக்க வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் உபாத்தியாயர் ஆன்லைனுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். "போன் இல்லாத பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?" என்று மாத்திரம் கேளுங்கள். பெயர் தெரிந்த உபாத்தியாயர் கையில் சாக்குக்கட்டி இருந்தாலும் சரி, செல்போன் இருந்தாலும் சரி, அங்கே பள்ளிக்கூடம் நடக்கிறது. பெயர் தெரியாத இடத்தில் எதை வைத்தாலும் அது வெறும் வேடிக்கைதான்.